நாலாயிரம் ரூபாய் தருகிறேன் என்பவரிடம் டிரம்மைக் கொடுக்கலாமா?

கேள்வி: சென்னையின் தென்பகுதியில் 48 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பு எங்களுடையது. ஒன்றரை ஆண்டுக்கு முன் மாடிப்படிக்குக் கீழே ஒரு நீல டிரம் வைத்து, ‘அபாயக் குப்பை’ என்று எழுதி ஒட்டினோம். சிறிய பேட்டரி, பல்பு, காலாவதி மாத்திரை, இன்சுலின் ஊசி, பெயிண்ட் டப்பா என்று எல்லாம் அதில் விழுந்து இப்போது வழிகிறது. பக்கத்தில் இரண்டு பழைய இன்வெர்ட்டர் பேட்டரிகளும் நிற்கின்றன. மாநகராட்சி வண்டியில் எடுக்க மறுக்கிறார்கள். ஒருவர் வந்து, எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்துக்கொண்டு 4,000 ரூபாயும் சான்றிதழும் தருவதாகச் சொல்கிறார். செயற்குழுவில் பாதிப் பேர் சம்மதித்துவிட்டார்கள். கொடுக்கலாமா, ஐயா? – சங்கச் செயலாளர்

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. முதலில் அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு மீதியைப் படியுங்கள்.

அபாயக் குப்பையை அகற்ற நாம்தான் காசு கொடுக்க வேண்டியிருக்கும். எடுப்பவர் நமக்குக் கொடுக்கிறார் என்றால், அந்தக் குவியலில் அவருக்கு வேண்டியது ஏதோ ஒன்று இருக்கிறது. மற்றதெல்லாம் அவருக்கும் குப்பைதான். உங்கள் விஷயத்தில் அந்த ஒன்று, டிரம்முக்குப் பக்கத்தில் நிற்கும் இரண்டு பேட்டரிகள். ஓர் இன்வெர்ட்டர் பேட்டரி ஐம்பது கிலோவை ஒட்டி எடை வரும். அதில் பாதிக்கு மேல் ஈயம். புது பேட்டரி விற்கும் கடையில் பழையதை எடுத்துக்கொண்டு விலையில் எவ்வளவு கழிப்பார்கள் என்று விசாரியுங்கள். அந்த நாலாயிரத்தின் தாராளம் அப்போது புரியும்.

அவர் என்ன செய்வார் தெரியுமா? பேட்டரியைக் கவிழ்த்து ஆசிட்டைச் சாக்கடையில் ஊற்றுவார், அல்லது ஊற்றுகிறவரிடம் விற்பார். ஈயத்தைத் திறந்தவெளியில் உருக்குவார்கள். அந்தப் புகையும் தூசியும் சுற்றுவட்டாரக் குழந்தைகளின் மூளையைத்தான் முதலில் தாக்கும். ஊசியும் மாத்திரையும் பல்பும் அவருக்கு எதற்கு? இருட்டிய பிறகு ஏதாவது ஓர் ஏரிக்கரையில் இறங்கிவிடும்.

கற்பனையாகச் சொல்லவில்லை. சுகாதார ஆய்வாளராக இருந்தபோது, ஏரிக்கரையில் கிடந்த ஒரு மூட்டையைக் கிளறினோம். உள்ளே இருந்த மருந்துச் சீட்டில் ஒரு பெரியவரின் பெயரும் வீட்டு எண்ணும் இருந்தன. கொட்டியவர் அகப்படவில்லை, விலாசம் அகப்பட்டதால் பெரியவரைத்தான் போய் விசாரித்தோம். பாவம், அவர் சங்கம் வாங்கி வைத்திருந்த ரசீதைக் காட்டினார். அதில் அச்சடித்திருந்த தொலைபேசி எண்ணுக்குப் போட்டுப் பார்த்தோம். உபயோகத்தில் இல்லை.

இனி அந்தச் சான்றிதழ். ஜி.எஸ்.டி. எண் இருக்கிறது என்பார்கள். இட்லிக் கடைக்கும் இருக்கிறது. ஐ.எஸ்.ஓ. முத்திரை காட்டுவார்கள்; அது கழிவை எடுப்பதற்கான அனுமதி அல்ல. நீங்கள் கேட்க வேண்டியது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகார ஆணை ஒன்றைத்தான். எந்த வகைக் கழிவு, எவ்வளவு, எந்த முகவரியில், எந்தத் தேதி வரை என்று அதில் இருக்கும். பெயரையும் முகவரியையும் தேதியையும் வாரியத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறொரு நிறுவனத்தின் ஆணையை நகலெடுத்து வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களும் உண்டு.

உங்கள் ஆளைப் பொறுத்தவரை இவ்வளவு சிரமம்கூடத் தேவையில்லை. மின்னணுக் கழிவுக்கு அங்கீகாரம் பெற்றவர் அதை வைத்துக்கொண்டு ஊசியைத் தொட முடியாது. மருத்துவக் கழிவு எடுக்கும் வண்டிக்கு பேட்டரியால் பயனில்லை. ஆகவே ‘எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன்’ என்று ஒருவர் சொன்னாலே போதும், காகிதத்தைப் பார்க்காமலே கதவைச் சாத்தலாம்.

நாம் தூக்கிப் போட்டது அங்கேயே கிடக்கும் என்று நினைக்கிறோம். கிடக்காது. 2001இல் கொடைக்கானலில், வெப்பமானி ஆலையிலிருந்து வந்த பாதரசம் கலந்த கண்ணாடித் தூள், ஊருக்குள் ஒரு பழைய இரும்புக் கடையில் டன் கணக்கில் கிடந்தது. ஆலை மூடப்பட்டது அதன் பிறகுதான். 2010இல் சென்னையில் அம்பலமான மோசடி இன்னும் மோசம். கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் போன காலாவதி மருந்துகளைப் பொறுக்கி, தேதியை மாற்றி ஒட்டி, மறுபடியும் கடைகளுக்கு அனுப்பியிருந்தார்கள். நீங்கள் போட்ட மாத்திரை அட்டை உங்கள் தெருக்கோடி மருந்துக் கடைக்கே திரும்பி வரலாம் என்பதை அந்த ஆண்டு இந்த ஊர் பார்த்துவிட்டது.

மாநகராட்சி ஏன் எடுக்கவில்லை என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். வண்டியோடு வருகிற தூய்மைப் பணியாளரிடம் கோபப்படாதீர்கள்; கலந்து கிடக்கும் டிரம்முக்குள் அவர் கையை விட மறுப்பது அவருடைய புத்திசாலித்தனம். கோபப்பட வேண்டிய இடம் வேறு. வீட்டு அபாயக் கழிவுக்கு இருபது சதுர கிலோமீட்டருக்கு ஒரு சேகரிப்பு மையம் வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே எழுதியாகிவிட்டது. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். கணக்குப் போட்டால் குறைந்தது 22 மையங்கள். உங்களுக்குரிய மையம் எங்கே என்று வார்டு அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு அனுப்புவார்கள். சாப்பாட்டு நேரம் வந்துவிடும். மனுவின் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.

அதற்குள் டிரம்மைப் பிரித்தாக வேண்டும். உங்கள் சங்கம் செய்த தவறு டிரம் வைத்தது அல்ல, ஒரே டிரம் வைத்தது. அதுவும் மாடிப்படிக்குக் கீழே! பழைய செல்போன் பேட்டரி ஒன்று நசுங்கித் தீப்பிடித்தால் 48 வீட்டாரும் இறங்கி வர வேண்டிய வழி அதுதான். மழையில்லாத ஒரு காலையில் வெளியே எடுத்துச் சென்று, கனமான தார்ப்பாயின் மேல் மெல்லச் சாய்த்து, நீண்ட இடுக்கியால் பிரியுங்கள். தடித்த கையுறை, மூடிய காலணி இரண்டும் அவசியம். யாரும் உள்ளே கை விடக் கூடாது. வாட்ச்மேனிடம் ஐந்நூறு ரூபாயைக் கொடுத்து ‘பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். செயற்குழுவில் சம்மதித்த அந்தப் பாதிப் பேர் வந்து நிற்கட்டும். யாருக்காவது ஊசி குத்திவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை.

பிரித்த பிறகு வேலை சுலபம். இன்வெர்ட்டர் பேட்டரிகள் விற்பனைக் கடைக்கு, ரசீதோடு. செல்போன், மடிக்கணினி பேட்டரிகளின் முனைகளில் டேப் ஒட்டி, அங்கீகாரம் பெற்ற மின்னணுக் கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள். உப்பியிருந்தால் குத்திப் பார்க்காமல் உலர்ந்த மணலில் வையுங்கள். பல்பும் டியூப் லைட்டும் அதே இடத்துக்குத்தான் போக வேண்டும், உடையாமல். ஒரு சி.எப்.எல். பல்பில் இருப்பது சில மில்லிகிராம் பாதரசம்தான். உடைந்திருந்தால் காற்றோட்டமான இடத்தில் அட்டையால் அள்ளி, மூடி உள்ள பாட்டிலில் போட்டால் போதும், பதற வேண்டாம். வெப்பமானியில் அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை இருக்கும். அது வேறு கணக்கு. துடைப்பத்தால் பெருக்கினால் மணிமணியாகச் சிதறிவிடும். இரண்டு அட்டைகளால் உருட்டிச் சேர்த்து, கொஞ்சம் தண்ணீர் உள்ள பாட்டிலில் போட்டு மூடுங்கள். மீந்த பெயிண்டை யாருக்காவது கொடுங்கள், அல்லது மணல் கலந்து காயவிடுங்கள். தின்னரைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள்.

ஊசிகளை, திருகு மூடி உள்ள கெட்டியான பினாயில் பாட்டிலில் போட வேண்டும். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடி, டேப் சுற்றி, சிவப்பில் ‘ஊசி’ என்று எழுதுங்கள். சர்க்கரை நோயாளி வழக்கமாகப் போகும் மருத்துவமனையிலோ பரிசோதனைக் கூடத்திலோ கேளுங்கள். அவர்களிடம் மருத்துவக் கழிவு வண்டி வரும். சிலர் வாங்கிக்கொள்வார்கள், சிலர் முகத்தைத் திருப்புவார்கள். வாங்காவிட்டால் பாட்டிலைத் தூய்மைப் பணியாளரின் கையிலேயே, என்னவென்று சொல்லிக் கொடுங்கள்.

மாத்திரைகளைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். கேரளத்தில் 2025இல் கோழிக்கோட்டில், பயன்படாத மருந்துகளை வீடுகளிலிருந்து திரும்பப் பெறும் திட்டத்தையே தொடங்கினார்கள். உங்கள் பகுதியில் வாங்கிக்கொள்ள யாரும் இல்லையென்றால் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, காபித்தூள் சக்கையோடும் மண்ணோடும் கலந்து, இறுகக் கட்டி, மக்காத குப்பையில் சேர்க்கலாம். காலி அட்டையில் தேதியும் தொகுதி எண்ணும் இருக்கும் பகுதியைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். கொடுங்கையூரை மறக்காதீர்கள். கழிப்பறையில் போடக் கூடாது. நீர்நிலைகளுக்குப் போய்ச் சேரும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதைத்தான் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். புற்றுநோய் வலிக்குக் கொடுக்கும் மார்பின் மாத்திரை, தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை, டிரமடால் போன்றவை. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் இப்படிப் பதினேழு மருந்துகளைப் பட்டியலிட்டு, இவற்றை மட்டும் தண்ணீர் ஊற்றிக் கழிப்பறையில் அகற்றலாம் என்றது. காரணம், பிறர் கையில் சிக்கினால் ஒரே ஒரு தடவை போதும், உயிர் போகலாம். பயன்படுத்திக் கழற்றிய ஃபென்டனில் பட்டையில்கூட மருந்து மிச்சமிருக்கும். குழந்தை எடுத்து ஒட்டிக்கொண்டால் மூச்சு நின்றுவிடலாம். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்துக் கழிப்பறையில் போடுங்கள். பிரிக்காத மருந்து மிஞ்சியிருந்தால் கொடுத்த மருத்துவமனையில் முதலில் கேட்டுப் பாருங்கள். வீட்டில் ஒருவர் இறந்த பிறகு அவருடைய மருந்துப் பெட்டியை அப்படியே பரண் மேல் ஏற்றிவைக்கிறோம். துக்கத்தில் யாருக்கும் அதைத் தொட மனம் வருவதில்லை. உங்கள் 48 வீடுகளில் அப்படி ஒரு பெட்டி இருந்தால் அந்த வீட்டாரிடம் தனியாகப் பேசுங்கள், பொதுக்குழுவில் அறிவிக்காதீர்கள். சத்து மாத்திரைக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் இந்த விதிவிலக்கு பொருந்தாது.

டிரம் காலியானதும் யாராவது வந்து தண்ணீர் பிடித்து வைக்கக் கேட்பார்கள். நல்ல கனமான டிரம், வீணாகப் போகிறதே என்று உங்களுக்கும் தோன்றும். கொடுக்காதீர்கள். அடியில் இரண்டு இடத்தில் துளை போட்டுவிட்டு, பழைய துடைப்பங்களையும் மண்வெட்டியையும் போட்டு வையுங்கள்.