வீட்டில் ஓடுகிறது, பள்ளியில் ஓடவில்லை

கேள்வி: எங்கள் இசைப் பள்ளியில் உபுண்டு இயங்குதளம் போட்ட ஆறு கணினிகள் உள்ளன. கச்சேரி சிடிக்களை எம்பி3 ஆக்க, ஏபிசிடிஇ நிரலையும் நான் பல வருடமாக வைத்திருக்கும் அமைப்புக் கோப்பையும் சேர்த்து ஒரு டெப் பொதி (உபுண்டுவில் நிரலை நிறுவ உதவும் கோப்பு) செய்தேன். என் மடிக்கணினியில் ஓடுகிறது. பள்ளியில் 'லேம் இல்லை' என்று நின்றுவிடுகிறது. லேமைப் போட்டாலும் பாடகர் பெயர் வருவதில்லை. எல்லாம் அடங்கிய பொதி, எம்பி3 உரிமத்தோடு, விலைக்குத் தருகிறேன் என்று ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். எம்பி3 காப்புரிமைக்கான உரிமத் திட்டத்தை ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் 2017லேயே மூடிவிட்டது. இல்லாத உரிமத்துக்கு எதற்குக் காசு? அதைவிட மோசம், டெப் பொதிக்குள் இருக்கும் சின்ன ஸ்கிரிப்ட் நிறுவும்போது ரூட் அதிகாரத்தோடு, அதாவது கணினியில் எதையும் மாற்றும் உரிமையோடு ஓடும். முன்பின் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பீர்களா? காசு வாங்காமல் 'ரெடிமேட் டெப்' தரும் தளங்களும் இதே கதைதான்.

சரி, உங்கள் பொதிக்கு வருவோம். ஏபிசிடிஇ தானாக எதையும் செய்யாது. அது ஒரு மேஸ்திரி. சிடியைப் படிப்பது சிடிபாரனோயா, எம்பி3 ஆக்குவது லேம், ஃப்ளாக் (தரம் குறையாத ஒலிக் கோப்பு) வேண்டுமென்றால் அதற்கு வேறு ஆள். உங்கள் மடிக்கணினியில் இவர்கள் எல்லாரும் ஏற்கெனவே இருந்தார்கள். பொதியின் கன்ட்ரோல் கோப்பில், கூடவே தேவைப்படும் நிரல்களைச் சொல்லும் 'டிபெண்ட்ஸ்' வரியில் நீங்கள் யார் பெயரையும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

நிரலை நீங்கள் பொதியாக்கவே வேண்டாம். உபுண்டு களஞ்சியத்தில், அதாவது அதன் இணைய நிரல் கிடங்கில், அது இருக்கிறது. 'ஈக்விவ்ஸ்' என்ற கருவியால் ஒரு வெற்றுப் பொதி செய்து, டிபெண்ட்ஸில் ஏபிசிடிஇ, லேம், மியூசிக்பிரெயின்ஸுக்கான (சிடியின் பாடல், பாடகர் பெயர்களைத் தரும் இணையத் தரவுத்தளம்) இரண்டு பெர்ல் நூலகங்கள் ஆகியவற்றை எழுதுங்கள். நிறுவும்போது டிபிகேஜி என்ற அடிப்படை நிறுவும் கருவி வேண்டாம், அது குறை சொல்லுமே தவிர எதையும் கொண்டுவந்து தராது. தேவையானதைத் தானே இறக்கிக்கொள்ளும் ஆப்ட் கட்டளையில் கோப்பின் பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் போட்டுக் கொடுங்கள்.

இப்போது பெயர் வராத விஷயம். உங்கள் பழைய அமைப்புக் கோப்பு முன்பு சிடி விவரங்களைத் தந்துவந்த ஃப்ரீடிபி தளத்தைத் தேடுகிறது என்று நினைக்கிறேன். அது 2020இல் மூடப்பட்டது. தேடும் முறையை மியூசிக்பிரெயின்ஸ் என்று மாற்றுங்கள். அந்தக் கோப்பை வெற்றுப் பொதிக்குள் வைத்து கணினி முழுவதற்குமான அமைப்புகள் இருக்கும் 'இடிசி' அடைவுக்கு அனுப்பாதீர்கள். அங்கே அதே பெயரில் இருப்பது ஏபிசிடிஇ பொதியின் சொத்து. இன்னொரு பொதி அதன்மேல் எழுத வந்தால் டிபிகேஜி மறுத்துவிடும். கையால் திருத்தலாமே என்பீர்கள். திருத்தலாம். ஆனால் திருத்திய கோப்பை டிபிகேஜி மதிக்கும். பிறகு புதிய பதிப்பில் அந்தக் கோப்பு மாறி வந்தால், பழையதா புதியதா என்று கேட்கும். சும்மா என்டர் தட்டினால் பழையதே நிற்கும். திருத்தாத கோப்பு என்றால் கேள்வியே இல்லாமல் புதியது வந்துவிடும். செத்த முகவரி வருடக்கணக்கில் உயிரோடு உலாவுவது இப்படித்தான். அதனால் ஒவ்வொரு பயனர் வீட்டு அடைவிலும் புள்ளியில் தொடங்கும் பெயரோடு வையுங்கள். இடிசியில் உள்ளதற்குப் பிறகு அதைத்தான் நிரல் படிக்கும், அதுவே செல்லும்.

'இதையே முறையாகச் செய்து களஞ்சியத்துக்கே அனுப்பலாமே' என்று யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். நான் ஒருமுறை ஒரு குட்டிப் பொதியை அனுப்பினேன். உரிமக் கோப்பில் ஒரு வரி குறைகிறது என்று சொல்லவே அவர்களுக்கு ஐந்து மாதம் ஆனது. ஆறு கணினிக்கு அந்த வரிசையில் நிற்காதீர்கள்.