டெய்லரிடம் கேளுங்கள்

கேள்வி: வயது 26. புல்லட் ஓட்டுகிறேன். ராணுவப் பச்சையில் ஒரு பாம்பர் ஜாக்கெட் வாங்கினேன். கீழே ஸ்லிம் பேண்ட் போட்டால், “பனங்காய்க்கு ரெண்டு குச்சி குத்தின மாதிரி இருக்கு” என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். லூஸ் பேண்டுக்கு மாறிவிடவா?
– ஒரு வாசகர், ஓசூர்

மாற வேண்டாம் தம்பி. அந்த ஜாக்கெட் ஏன் இடுப்போடு நிற்கிறது என்று பாருங்கள். எம்ஏ-1 என்ற பெயரில் 1950களில் அமெரிக்க விமானப்படைக்குத் தைத்தது அது. நெருக்கடியான இருக்கையில் உட்காரும்போது கீழ்ப்பக்கம் மடங்கக் கூடாது, அதனால் குட்டை. பைக் ஜாக்கெட்டும் அப்படித்தான். 1928இல் நியூயார்க்கில் இர்விங் ஷாட் கொண்டுவந்த பெர்ஃபெக்டோ என்ற தோல் ஜாக்கெட்டும் இடுப்போடு சரி. (பெயர் அவருக்குப் பிடித்த சுருட்டினுடையதாம்!) இரண்டுமே மேலே கனமாகத் தெரிந்து இடுப்பில் முடிகிறவை. கீழே தொளதொள பேண்ட் போட்டால் ஆள் குள்ளமாகத் தெரிவார்.

ஸ்லிம் சரிதான், உங்களுடையது ரொம்ப இறுக்கமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கெண்டைக்காலைக் கவ்வக் கூடாது. நடுத்தர உடம்புக்கு முட்டிச் சுற்றளவு 16 அங்குலம், பாட்டம் 14 வையுங்கள். கணுக்காலை மூடும் பூட்ஸ் போடுங்கள், குச்சி என்ற பேச்சே வராது.

இன்னொன்று. வெகு நாள் முன்பு என் அக்கா மகனுக்கு ஒட்டினாற்போல் ஒரு காக்கி பேண்ட் தைத்தேன். கடைக் கண்ணாடி முன்னால் அவ்வளவு கச்சிதம். வாசலுக்குப் போய் புல்லட்டின் கிக்கரை ஓங்கி மிதித்தான், பின்னால் டர்ரென்று கிழிந்தது. என் லுங்கியைக் கட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனான். அதற்கப்புறம் பைக் ஓட்டுகிறவர் யார் வந்தாலும் ஸ்டூலில் உட்காரவைத்து ஒருமுறை அளவெடுக்கிறேன். பேண்டின் பின்பக்கத்தில் தாராளமாக விடுவேன், உட்கார்ந்தால் பேண்ட் மேலேறும் என்பதால் உயரத்தில் ஒரு அங்குலம் கூட்டுவேன். துணி, இழுத்தால் நீளும் லைக்ரா கொஞ்சம் கலந்த காட்டனாக இருக்கட்டும்.

கேள்வி: மிலிட்டரி டிசைன் சட்டையும் அதே துணியில் ஸ்லிம் பேண்டும் தைத்துக்கொள்ளலாமா?
– கல்லூரி மாணவர், மதுரை

செட்டாக வேண்டாம் தம்பி. 2022 ஜனவரி 15, ராணுவ தினத்தன்று நம் ராணுவம் புதுச் சீருடையை அறிமுகப்படுத்தியது. அந்த டிசைனை மற்றவர்கள் விற்க முடியாதபடி பதிவும் செய்து வைத்திருக்கிறார்கள். ராணுவ வீரர் என்று பிறரை நம்பவைக்க அப்படி உடுத்துவது சட்டப்படி குற்றம். அதை விட்டாலும், தலை முதல் கால்வரை ஒரே புதராக யார் நடப்பார்கள்? ஆலிவ் பச்சையில், மூடி வைத்த இரண்டு பாக்கெட்டோடு சட்டை தையுங்கள். மதுரை வெயிலுக்கு மெல்லிய காட்டன். பேண்ட் கருப்பு. தோளில் பட்டி வைக்கலாம். நட்சத்திரம் கேட்டால் நான் தைத்துத் தர மாட்டேன்.