ஞானப்பல் குழியில் வெள்ளைப் படலம்: சீழா, ஆறுகிற அறிகுறியா?

கேள்வி: எனக்கு 46 வயது, உட்லண்ட்ஸில் இருக்கிறேன். கீழ் ஞானப்பல் எடுத்து 5 நாளாகிறது. வலி குறைந்துவிட்டது, ஆனால் குழியில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. சீழா? பல் எடுத்த அன்று கன்னத்தின் உள்ளே கடித்துக்கொண்ட புண் மூன்றே நாளில் ஆறிவிட்டது. அதே வாரம் வெங்காயம் நறுக்கும்போது விரலில் பட்ட வெட்டு இன்னும் ஆறவில்லை. ஏன் இந்த வித்தியாசம்? மரபணுவைத் தூண்டிப் புண்ணை ஆற்றும் என்று தோழி ஒரு கொலாஜன் பவுடரைச் சொல்கிறார், வாங்கலாமா? நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன்.

பதில்: வலி நாளுக்கு நாள் குறைகிறது என்கிறீர்கள். அப்படியானால் அது பெரும்பாலும் சீழ் இல்லை. இரத்தக்கட்டியின் மேல் படியும் ஃபைப்ரின் என்ற புரதப் படலம் அது. வெளியே காயத்தில் பொருக்குத் தட்டுவது போல, வாயின் ஈரத்தில் வெள்ளையாக ஊறிக் கிடக்கிறது. பஞ்சுக்குச்சியால் சுரண்டிவிடாதீர்கள். அதன் அடியில்தான் புதுச் சதை வளர்கிறது. சீழ் என்றால் ஈறை அழுத்தும்போது மஞ்சளாகக் கசியும், நாற்றம் அடிக்கும், வீக்கம் 3 நாளுக்குப் பிறகும் ஏறும், காய்ச்சலும் வரலாம். 3, 4ஆம் நாளில் திடீரென வலி கூடிக் காதுவரை இழுத்து, குழி காலியாக எலும்பு தெரிந்தால் அது 'டிரை சாக்கெட்'. இரத்தக்கட்டி கழன்றுவிட்டது என்று பொருள். இரண்டில் எது வந்தாலும் அன்றே பல் மருத்துவரிடம் போங்கள்.

கன்னத்துக்கும் விரலுக்கும் ஏன் வித்தியாசம்? இரண்டு இடத்துச் செல்களிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதிதான். எது வேலை செய்கிறது என்பதுதான் வேறு. 2018இல் அமெரிக்கத் தேசிய சுகாதாரக் கழக ஆய்வாளர்கள், ஒரே ஆளின் கன்னத்தின் உள்ளேயும் மேல்கையிலும் சிறு காயம் செய்து, அங்கிருந்த செல்களின் மரபணுச் செயல்பாட்டை ஒப்பிட்டார்கள். சாக்ஸ்2, பிட்எக்ஸ்1 என்ற இரண்டு மரபணுக்கள் வாய்ச் செல்களில் காயம் படுவதற்கு முன்பே சுறுசுறுப்பாக இருந்தன. வாயில் அடுப்பு எப்போதும் சிம்மில் எரிகிறது, தோலிலோ தீப்பெட்டியைத் தேடுவதிலிருந்து தொடங்க வேண்டும். எலித் தோலில் சாக்ஸ்2ஐக் கூட்டியபோது அங்கேயும் காயம் விரைவாக மூடியது. இது போக வாயில் அழற்சி குறைவாக வந்து சீக்கிரம் அடங்குகிறது, அதனால் தழும்பும் குறைவு. எச்சிலில் உள்ள ஹிஸ்டாட்டின் என்ற புரதமும் செல்கள் நகர்ந்து காயத்தை மூட உதவுகிறது.

அப்படியானால் சாக்ஸ்2ஐத் தூண்டும் மாத்திரை ஏன் இல்லை? இதே மரபணு அளவுமீறிப் பெருகியிருப்பதை வாய்ப் புற்றுநோய்க் கட்டிகள் சிலவற்றில் பார்க்கிறோம். கண்டபடி தூண்டிவிடுகிற விஷயமல்ல இது. கொலாஜன் பவுடர் வயிற்றில் அமினோ அமிலங்களாகவும் சிறு புரதத் துண்டுகளாகவும் செரித்துவிடும். அதற்குப் போடும் பணத்தில் முட்டையும் மீனும் வாங்குங்கள்.

வாய் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும், நாம் கெடுக்காமல் இருந்தால் போதும். ஒரு கப் (250 மி.லி.) வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, சாப்பிட்டபின் நாளுக்கு 4 முறை. வாயில் வைத்துத் தலையை மெல்லச் சாய்த்துவிட்டுத் தானாக வழியவிடுங்கள். கொப்பளித்துத் துப்பினால் குழியில் உள்ள இரத்தக்கட்டி கழலலாம். பபிள் டீயை ஸ்ட்ராவில் உறிஞ்சுவதை 7 நாள் முடியும்வரை தள்ளிவையுங்கள், காரணம் அதே. மஞ்சள் தூளையோ கிராம்புத் தைலத்தையோ குழியில் வைக்காதீர்கள்: தூள் அங்கேயே தங்கிவிடும், தைலம் சதையைப் பொசுக்கும். குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவி கொடுத்திருந்தால், பல் துலக்கி அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்துங்கள், பற்பசையின் நுரைப்பொருள் அதன் வீரியத்தைக் குறைக்கும். சொன்ன நாளுக்கு மேல் நீட்டவும் வேண்டாம். தேநீர், கோப்பி குடிப்பவர்களுக்கு அதனால் பல் பழுப்பேறும். குழிக்குள் சோற்றுப் பருக்கை மாட்டினால் குச்சியால் குத்தாமல், வளைந்த முனை ஊசிக்குழலைப் பல் மருத்துவரிடம் கேட்டு வாங்கி நீர் பாய்ச்சுங்கள். வலிக்குப் பாரசிட்டமால் 500 மி.கி. மாத்திரை இரண்டு, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் 8க்கு மேல் கூடாது. கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

எனக்கு உறுத்துவது உங்கள் விரல்தான். இரத்தச் சர்க்கரை கூடினால் வெள்ளணுக்கள் மந்தமாகும், தோலும் ஈறும் தாமதமாகவே ஆறும். பாலிகிளினிக்கில் கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்று பாருங்கள். பெரும்பாலோருக்கு இலக்கு 7 சதவீதத்தை ஒட்டியிருக்கும். அதைவிட நன்றாக ஏறியிருந்தால் பல் மருத்துவரிடமும் சொல்லுங்கள். விரலைத் தினமும் சுத்தமான நீரில் கழுவி, வாசலின் மெல்லத் தடவி, பிளாஸ்டர் ஒட்டுங்கள். சிவப்பு பரவினாலோ வெட்டின் ஓரம் விலகியே இருந்தாலோ இந்த வாரமே பாலிகிளினிக்கில் காட்டிவிடுங்கள்.