அம்மாவின் செக்கை எங்கே போடுவது?

வணக்கம் தம்பி. அம்மாவுக்குத் தையல் கூலியாக வந்த செக்கை, அது எந்த வங்கியின் செக்கோ அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தும் "இங்கே உங்களுக்குக் கணக்கு இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வெயிலில் அவரை அலைய வைத்தது எனக்கும் வருத்தம்தான்.

செக்கின் இடது மேல்மூலையைப் பாருங்கள். இரண்டு சாய்கோடுகள், நடுவில் 'அக்கவுண்ட் பேயீ' என்று இருக்கிறதா? அப்படியென்றால் எந்தக் கவுண்டரிலும் கையில் பணம் தரமாட்டார்கள். அம்மா பெயரிலுள்ள கணக்கில்தான் சேரும். உங்கள் கணக்கிலும் போட முடியாது. கோடு இல்லாத பேரர் செக் (கொண்டுவருபவருக்கே பணம் தரும் செக்) என்றால், அந்த வங்கியிலேயே அடையாள அட்டையைக் காட்டிப் பணம் வாங்கலாம்.

அம்மாவுக்கு வேறு வங்கியில் கணக்கு இருந்தால் அங்கே போடுங்கள், போதும். அவர்களே கிளியரிங்கில், அதாவது வங்கிகள் தங்களுக்குள் செக் பணத்தைத் தீர்த்துக்கொள்ளும் முறையில், வசூலித்துவிடுவார்கள். பின்பக்கம் கணக்கு எண்ணும் கைபேசி எண்ணும் எழுதுங்கள். பெட்டியில் போடாமல் கவுண்டரில் கொடுத்து, சலானின் அடிக்கட்டையில் முத்திரை வாங்குங்கள். நான் ஒருமுறை பெட்டியில் போட்ட செக் தொலைந்துபோய், கையில் சீட்டு இல்லாமல் இரண்டு மாதம் நடந்தேன்.

கணக்கே இல்லையா? ஆதாரோடு போய், குறைந்தபட்ச இருப்பு கேட்காத அடிப்படை சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். அப்புறம், செக்கிலுள்ள தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும், தள்ளிப்போடாதீர்கள். பெயரின் எழுத்து பாஸ்புக்கோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.