கண் துடிக்கிறது, கவலை தூங்கவிடவில்லை

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டு வாரமாக இடது கண்ணின் கீழ் இமை விட்டுவிட்டுத் துடிக்கிறது. வலி இல்லை, பார்வை நன்றாக இருக்கிறது. கணக்குப் பிரிவில் வேலை. ஆண்டு முடிவு என்பதால் நள்ளிரவு வரை கணினிதான். நான் கண்ணடிப்பதாக எதிரில் இருப்பவர் நினைப்பாரோ என்று கூசுகிறது. இது பக்கவாதத்தின் அறிகுறியா? மாத்திரை ஏதும் உண்டா?

பதில்: முதலில் கூச்சத்தை விடுங்கள். உங்களுக்குக் கண்ணே குதிப்பதுபோல் இருந்தாலும் எதிரில் இருப்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது. கண்ணாடியில் மிக நெருங்கிப் பார்த்தால் இமை ரோமத்துக்குக் கீழே தோல் லேசாக நெளியும், அவ்வளவுதான்.

பக்கவாதம் வேறு மாதிரி வரும்: வாய் ஒருபுறம் கோணும், கை தளரும், பேச்சு குழறும். உங்களுக்கு இருப்பது, இமையை மூடும் வளையத் தசையின் சில இழைகள் தாமாகவே துடிப்பது. தூக்கக் குறைவு, மன அழுத்தம், காப்பி, கண் வறட்சி ஆகியவை இதைத் தூண்டும். பெரும்பாலும் சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில் தானே அடங்கிவிடும்.

எத்தனை காப்பி என்று நீங்கள் எழுதவில்லை. ஆண்டு முடிவுக் கணக்கு அது இல்லாமல் நகர்ந்திருக்காது என்று நினைக்கிறேன்! ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும். தினம் கொஞ்சமாகக் குறையுங்கள், மதியத்துக்குப் பின் வேண்டாம். தேநீரும் கோலாவும் இந்தக் கணக்கில் சேரும்.

திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பதே குறைந்துவிடுகிறது, கண் காய்கிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். இமைகள் முழுதாக மூடும்படி சில தடவை இமையுங்கள். உறுத்தல் இருந்தால் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்து போதும். சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து இதற்கானதல்ல.

துடிப்பு தொல்லை தரும்போது கண்ணைத் தேய்க்காதீர்கள். சுத்தமான துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, மூடிய இமைகள்மீது ஐந்து நிமிடம் வையுங்கள். ஆறினால் மீண்டும் நனையுங்கள். இதமாக இருக்கும். ஆனால் இதையெல்லாம் செய்துவிட்டு இரவு இரண்டு மணி வரை கண்விழித்தால் பயனில்லை. தூக்கம்தான் முதல் மருந்து.

மாத்திரை வேண்டாம். மக்னீசியத்தைப் பலரும் பரிந்துரைப்பார்கள். இதற்குப் பயன்படுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரமில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகவும் முடியலாம்.

இன்னும் சில வாரங்களிலும் அடங்காவிட்டால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். துடிப்பு கன்னத்துக்கோ வாயோரத்துக்கோ பரவினால், இரு கண்களும் தாமாக இறுக மூடிக்கொண்டால், இமை தொங்கினால், கண் சிவந்து வலித்தால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால் காத்திருக்கவே கூடாது. கன்னம்வரை பரவுவது முக நரம்பை ஒரு ரத்தக்குழாய் அழுத்துவதாலும் இருக்கலாம். அத்தகைய நோய்களுக்கு, தசையைத் தளர்த்தும் போட்யூலினம் ஊசி நல்ல பலன் தருகிறது. சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டியிருக்கும். உங்கள் கடிதத்தில் அதற்கான அடையாளம் எதுவும் இல்லை.

மருத்துவரிடம் போவதென்றால், துடிக்கும் நேரத்தில் செல்போனில் ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் எதிரில் உட்கார்ந்ததும் பல நேரம் அது நின்றுவிடும்.