வாசகர் கேள்வி-பதில்: தோற்கிற அணிக்கு ஒரு டிக்கெட்

கேள்வி: பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் உங்கள் அணி என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். 20 வருடம் தொடர்ந்து தோற்ற பேஸ்பால் அணியாமே! அதை எப்படி விடாமல் பார்த்தீர்கள்?

பதில்: 1993 முதல் 2012 வரை 20 சீசன். ஒவ்வொன்றிலும் ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுகளில் வேறெந்த அணிக்கும் இவ்வளவு நீண்ட சோதனைக் காலம் வந்ததில்லை. நான் 2003-ல் பிட்ஸ்பர்க்கில் குடியேறியபோது அதில் பாதி முடிந்திருந்தது.

பேஸ்பாலில் ஒரு சீசனுக்கு 162 ஆட்டம். வசந்தத்தில் தொடங்கினால் செப்டம்பர் கடைசி வரை அநேகமாகத் தினமும் ஆட்டம் உண்டு. 2010-ல் எங்கள் அணி 105 ஆட்டம் தோற்றது. மொத்தம் 30 அணிகளில் அதுதான் கடைசி. ஆனால் 57 ஆட்டம் ஜெயித்ததே! கணக்குப் போட்டால் மூன்று நாளில் ஒரு நாள் நம் நாள். சீசன் மே மாதமே கைவிட்டுப் போயிருக்கும். அன்றைய சாயங்காலம் போகாது. நான் டிக்கெட் வாங்கியதெல்லாம் அந்தச் சாயங்காலத்துக்குத்தான்.

என் இருக்கை மேல்தளத்தில், மூன்றாவது பேஸ் பக்கம். (பந்தை அடித்தவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று தொட்டு ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன்; அந்த நிறுத்தங்கள்தான் பேஸ்.) அங்கிருந்து பார்த்தால் அலெகெனி ஆறும், கிளெமென்டே பாலத்தின் மஞ்சள் நிறமும், அதற்குப் பின்னால் நகரக் கட்டடங்களும் தெரியும். ஆட்ட நாளில் பாலத்தில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். ஜனங்கள் நடந்து வருவார்கள். பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர். எஃகு ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். காதில் ரேடியோ, மடியில் ஸ்கோர் அட்டை, சீவிச் சீவி விரல் நீளத்துக்கு வந்துவிட்ட பென்சில். ஸ்கோர் எழுத எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். களத்தில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் ஓர் எண்: பந்து வீசும் பிட்சர் 1, அடிப்பவருக்குப் பின்னால் நின்று பிடிக்கும் கேட்சர் 2, முதல் மூன்று பேஸ்காரர்கள் 3, 4, 5, இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து இரண்டாவது பேஸுக்கு வீச, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இரண்டு பேர் அவுட்டானால் 6-4-3. நாங்கள் 9-1 என்று பின்தங்கியிருந்த ஓர் இரவு, எட்டாவது இன்னிங்ஸ், மழைத் தூறல், சுற்றிலும் காலி நாற்காலிகள். அப்படி ஒரு 6-4-3 விழுந்தது. பெரியவர் அட்டையை உடம்பால் மறைத்துக்கொண்டு அதை நிதானமாக எழுதினார். எழுதி முடித்துவிட்டு, “அழகா இருந்துச்சு, இல்லையா?” என்றார். ஆமாம், அழகாகத்தான் இருந்தது. தோற்கிற ஆட்டத்திலும் அது அழகுதான் என்பதை அன்று பார்த்தேன். அதற்கப்புறம் என்னால் விட முடியவில்லை.

கேள்வி: அந்தத் தோல்விக் காலம் எப்படி ஆரம்பித்தது?

பதில்: ஒரே ஓட்டத்தில். 1992 அக்டோபர் 14, அட்லான்டா. நேஷனல் லீக் (இரண்டு பிரிவுகளில் எங்களுடையது) இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில், அட்லான்டா அணி அடிக்க வேண்டிய பின்பாதிக்குள் நுழையும்போது பைரேட்ஸ் 2-0 முன்னிலை. இன்னும் மூன்று அவுட் எடுத்தால் உலகத் தொடர், அதாவது கோப்பைக்கான கடைசித் தொடர். இரண்டு எடுத்தாயிற்று, ஸ்கோர் 2-1, மூன்று பேஸிலும் ஆள். எதிரணியில் அதிகம் பேருக்குத் தெரியாத பிரான்சிஸ்கோ கப்ரேரா இடது பக்கம் ஒன்றை அடித்தார். ஒருவர் ஓடிவந்து சமன் செய்தார். அவருக்குப் பின்னால் இரண்டாவது பேஸிலிருந்து சிட் பிரீம், முழங்கால் கெட்டுப்போன மனிதர், மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார். எங்கள் பாரி பாண்ட்ஸ் வீசிய பந்து கேட்சருக்கு வந்தது. ஒரு கணம் தாமதம். பிரீம் சறுக்கிக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டார். 3-2. அந்த பிரீம் இரண்டு வருடம் முன்புவரை பைரேட்ஸுக்கு ஆடியவர் என்பதுதான் ஊருக்கு ஆறாத புண். பாண்ட்ஸும் அந்தக் குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்விட்டார்.

கேள்வி: நீங்கள் நேரில் பார்த்ததில் மறக்க முடியாத தருணம்?

பதில்: 2013 அக்டோபர் 1. சந்தேகமே இல்லை.

அதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. 2010-ல் கடைசி இடம் வந்ததால் அடுத்த வருடம் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முதல் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது. எடுத்தது கெரிட் கோல் என்ற பிட்சரை. 2013 செப்டம்பர் 9-ம் தேதி டெக்சாஸில் அதே கோல் பந்து வீசி 1-0 என்று ஜெயித்தார். அது அந்த வருடத்தின் 82-வது வெற்றி. 162-ல் 82 என்றால் ஜெயித்தது அதிகம். 20 வருடக் கணக்கு அங்கே முடிந்தது. 105 தோல்வியால் எங்களுக்குக் கிடைத்த பையன்தான் அதை முடித்துவைத்தான் என்று நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

சரி, அக்டோபர் 1. சின்சினாட்டி ரெட்ஸுடன் ஒரே ஆட்டம், தோற்றால் வீட்டுக்கு. 40,487 பேர், திரும்பிய பக்கமெல்லாம் கறுப்புச் சட்டை. இரண்டாவது இன்னிங்ஸில் மார்லன் பேர்ட் ஹோம் ரன் அடித்து, அதாவது பந்தை வேலிக்கு வெளியே அனுப்பி, 1-0 ஆக்கினார். அப்புறம் யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. எதிரணி பிட்சர் ஜானி குவெட்டோவின் பெயரை அரங்கமே இழுத்து இழுத்துக் கூப்பிட்டது: “குவே… டோ…” பந்து வீசும் மேட்டில் நின்றுகொண்டிருந்த குவெட்டோவின் கையிலிருந்து பந்து நழுவித் தரையில் விழுந்தது. வெறுமனே, கை தவறி. அரங்கம் அதிர்ந்தது. அவர் குனிந்து எடுத்தார். அடுத்த பந்தை ரஸல் மார்ட்டின் வேலிக்கு அப்பால் அனுப்பினார். என் நாற்காலி ஆடியது, மேல்தளமே ஆடியது. கடைசியில் 6-2. பெரியவர் கத்தவில்லை. அந்த ஹோம் ரனை அட்டையில் எழுத முயன்று, கை நடுங்கி, பென்சிலை என்னிடம் நீட்டினார். அந்தக் கட்டத்தை நிரப்பியது நான்தான்.

கேள்வி: சிகாகோ கப்ஸ் 108 வருடம் காத்திருந்தது. அதற்கு முன் உங்கள் 20 வருடம் எம்மாத்திரம்?

பதில்: உண்மைதான். 1908-க்குப் பிறகு 2016-ல்தான் கப்ஸுக்குக் கோப்பை. அந்த இறுதி ஆட்டம் கிளீவ்லாந்தில் நடந்தது: எட்டாவது இன்னிங்ஸில் ரஜாய் டேவிஸ் அடித்த ஹோம் ரனில் முன்னிலை போனது, ஒன்பது இன்னிங்ஸ் முடிந்ததும் 17 நிமிடம் மழை, பத்தாவதில் 8-7. கடைசி அவுட் 5-3: மூன்றாவது பேஸிலிருந்து பிரையன்ட் சிரித்துக்கொண்டே வீச, ரிஸோ பிடித்தார். ஆனால் என் மனதில் நிற்பது கப்ஸின் சொந்த ரிக்லி மைதானத்தின் வெளிச் செங்கல் சுவர். அந்த நாட்களில் ஜனங்கள் சாக்பீஸோடு வந்து, இந்த வெற்றியைப் பார்க்காமல் இறந்துபோன அப்பா, பாட்டி, அண்ணன் பெயர்களை எழுதினார்கள். கை எட்டுகிற உயரம் வரை இடமில்லாமல் போனது. ஒரு மகன் வட கரோலினாவிலிருந்து இண்டியானாவுக்கு வண்டி ஓட்டிப்போய், அப்பாவின் கல்லறை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அந்த ஆட்டத்தை ரேடியோவில் கேட்டார். சேர்ந்து கேட்கலாம் என்று இருவரும் பேசிவைத்திருந்தார்களாம்.

கேள்வி: தோற்கும்போது அரங்குக்குப் போகாமல் இருக்கும் ரசிகரைத் துரோகி என்பீர்களா?

பதில்: மாட்டேன். டிக்கெட் காசு குடும்பத்தின் காசு. அணியைச் சரியாக நடத்தாதவர்கள் மேல் கோபப்பட்டு வராமலிருப்பதும் அக்கறைதான். அதே சமயம் 1988-ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் முதல் 21 ஆட்டங்களையும் தோற்று, ஒன்று ஜெயித்து, மறுபடி இரண்டு தோற்று ஊர் திரும்பியபோது, மே 2-ம் தேதி 50,402 பேர் அரங்குக்கு வந்தார்கள். அன்று இரவு அணி ஜெயித்தது. வந்தவர்கள் பக்கம்தான் என் மனசு.

கேள்வி: பிட்ஸ்பர்க் வந்தால் பேஸ்பால் ரசிகர் பார்க்க வேண்டிய இடம்?

பதில்: அக்டோபர் 13-ம் தேதி வாருங்கள். பழைய ஃபோர்ப்ஸ் ஃபீல்டு அரங்கத்தை இடித்துவிட்டார்கள்; வெளிச்சுவரில் கொஞ்சம் மட்டும் பல்கலைக்கழகப் பகுதியில் நிற்கிறது. 1960-ல் அங்கேதான் இரண்டாவது பேஸ்காரர் பில் மாஸரோஸ்கி, நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தை ஒரே ஹோம் ரனில் 10-9 என்று முடித்தார். உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் அப்படி முடிந்தது அந்த ஒரு முறைதான். ஏழு ஆட்டத்திலும் சேர்த்து யாங்கீஸ் 55 ரன், நாங்கள் 27. ஆனாலும் கோப்பை எங்களுக்கு.

வருடா வருடம் அன்றைக்கு ஜனங்கள் மடக்கு நாற்காலியோடு அந்தச் சுவரடியில் கூடி, அந்த ஆட்டத்தின் பழைய ரேடியோ வர்ணனையை முதலிலிருந்து போட்டுக் கேட்கிறார்கள். முடிவு எல்லோருக்கும் தெரியும். இருந்தும் ஒன்பதாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் 9-9 என்று சமன் செய்யும்போது பேச்சு நின்றுவிடும். பெரியவர் இப்போது இல்லை. அவருடைய ரேடியோவை மகள் எனக்குக் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு, புது அட்டையில் முதல் இன்னிங்ஸிலிருந்து எழுதிக்கொண்டு வருவேன். 3:36-க்குப் பந்து சுவரைத் தாண்டும்.