உதிரியாக வேண்டாம், மெஷினாகக் கொடுங்கள்

கேள்வி: நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். கைக்கடிகாரம் பழுது பார்ப்பதை ஓய்வு நேரத்தில் கற்று வருகிறேன். ராயபுரத்திலும் பெரம்பூரிலும் என்னைப் போலவே கற்றுக்கொள்ளும் சிலர் அறிமுகமாகியுள்ளனர். ஆளுக்கு ஒரு டப்பா உதிரி பாகங்கள் வைத்திருக்கிறோம். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பொதுவில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: சேர்ந்து கற்பது நல்லது, டப்பாக்களை மட்டும் ஒன்றாகக் கொட்டிவிடாதீர்கள். மெஷினிலிருந்து (வாட்சின் உள்ளே ஓடும் இயந்திரம்) பிரிந்து தனியே கிடக்கும் சக்கரமோ திருகோ எதற்கு உரியது என்று சொல்ல அனுபவசாலிகளே திணறுவார்கள். திருகு சற்று நீளமாக இருந்தாலே போதும், அடியில் ஓடும் சக்கரத்தை உரசி நிறுத்திவிடும்.

ஆகவே முதலில் எல்லோரும் ஒரே காலிபரில், அதாவது ஒரே மெஷின் மாடலில், பழகுவது என்று முடிவு செய்யுங்கள். கம்பெனி பெயர் ஒன்றாக இருப்பது போதாது. மெஷினில் பொறித்திருக்கும் எண் ஒத்திருக்க வேண்டும். என் யோசனை எச்.எம்.டி. 0231: ஜனதா போன்ற சாவி கொடுக்கும் வாட்சுகளில் இருக்கும், தேய்மானத்தைக் குறைக்கும் 17 கற்கள் கொண்ட, மணிக்கு 18,000 துடிப்பு ஓடும் எளிய மெஷின். எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016இல் ஒப்புதல் அளித்துவிட்டதால், பாகத்துக்கு இனிப் பழைய வாட்சுகளையே நம்ப வேண்டும். பாரிமுனை, வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பழைய ரிப்பேர்காரர்களிடம் ஓடாத மெஷின் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். டயல் பளபளவென்று இருப்பதற்காக அதிக விலை கொடுக்காதீர்கள்; பெரும்பாலும் அது மறுபடி அச்சடித்த டயலாகத்தான் இருக்கும், உங்களுக்குத் தேவை மெஷின்தானே.

கைமாற்றும்போது மெஷினை முழுதாகவே கொடுங்கள், திருகுகளை அவற்றின் துளைகளிலேயே விட்டுவிட்டு, காலிபர் எண்ணையும் பழுதையும் ஒரு சீட்டில் எழுதி உடன் வையுங்கள். பேலன்ஸை (இங்கும் அங்கும் ஊசலாடும் சக்கரம்) அதைத் தாங்கும் பிரிட்ஜோடு மெஷினிலேயே இருக்க விடுங்கள். தனியே டப்பாவில் போட்டால் அதிலுள்ள மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங் சிக்கிக் கோணிவிடும். அதன் சுற்றுகள் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால்கூட, ஸ்பிரிங்கின் பயன்படும் நீளம் குறைந்து, வாட்ச் கன்னாபின்னாவென்று வேகமாக ஓடும். மெஷினைப் பெற்றுக்கொள்பவர், பேலட்டைக் (சக்கரங்களைத் துடிப்புக்குத் துடிப்பு விட்டுப் பிடிக்கும் கவை) கழற்றும் முன் சாவியை விரல்களால் பிடித்தபடி கிளிக்கை (ஸ்பிரிங் அவிழாமல் தடுக்கும் கொக்கி) மரக்குச்சியால் விலக்கி, வாட்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மெல்ல மெல்லத் தளர்த்த வேண்டும். தளர்த்தாமல் பேலட்டைத் தூக்கினால் சக்கரங்கள் விர்ரென்று சுழன்று பல்லோ அச்சு முனையோ முறியலாம்.

கேள்வி: பேலட்டை ஸ்பிரிட்டில் ஊற வைத்தேன். இப்போது அதிலுள்ள சிவப்புக் கல் ஆடுகிறது. ஏன்? (கொருக்குப்பேட்டை வாசகர்)

பதில்: அந்தக் கல்லைப் பிடித்திருப்பது அரக்கு, அது ஸ்பிரிட்டில் கரையும். பேலன்ஸின் அடியிலுள்ள சிறு கல்லும் அப்படியே ஒட்டப்பட்டதுதான். இரண்டையும் வெள்ளைப் பெட்ரோலில், நெருப்பை விட்டு விலகி, காற்றோட்டமான இடத்தில் கழுவுங்கள். கல் எவ்வளவு வெளியே நீள வேண்டும் என்ற அளவு மிக நுண்ணியது என்பதால், அதே காலிபர் ஓடாத மெஷின் ஒன்றை நண்பரிடம் கேட்டுப் பேலட்டை முழுதாக மாற்றிவிடுங்கள். பழையதை எறிய வேண்டாம். அரக்கைச் சூடாக்கிக் கல் பதிக்கும் வேலையைப் பழக அது உதவும்.